உங்கை இப்ப என்ன நேரம்?

"உங்கை இப்ப என்ன நேரம்?" என்று தர்சிகா கேட்டபோது மயூரதன் கிணற்றுக்கட்டில் இருந்து காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். இறைப்பு முடிந்திருந்தது. மிசினை நிற்பாட்டிய பிறகும் அதன் இரைச்சல் காதுக்குள் கிடந்ததால், அவள் கேட்டது சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்துக் கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கணினித் திரையில் கண்ணாக இருந்தாள். கேட்டது கேட்டதுதான். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் காலையில் இதே பொழுதில் கதைக்கிறார்கள். நீர்வேலியில் அவன் வாழைக்குத் தண்ணீர் இறைத்து முடிக்க, ரொறன்ரோவில் அவள் இராச்சாப்பாட்டை முடித்திருப்பாள். அந்த ஒழுங்கை வைத்தவளே அவள்தான். போன புதிதில், இலங்கை நேரத்தைக் கைபேசியின் முகப்பிலேயே போட்டு வைத்திருப்பதாகவும் அதைப் பார்த்துத்தான் உலை வைப்பதாகவும் சொன்னவள்.

அவன் பதில் சொல்வதற்குள் அவளுடைய மற்றத் தொலைபேசி அடித்தது.

"பொறுங்கோ, ஜஸ்ரின் அண்ணை எடுக்கிறார். அவர் இப்ப கெனோராவுக்குக் கிட்ட வந்திருப்பார், அங்கை ஒரு மணித்தியாலம் குறைவு. காலமை இறக்கிற சாமானுக்கு அந்த ஊர் நேரத்தைச் சொல்லவேணும். பிறகு எடுக்கிறன்."

முகம் மறைந்தது. மயூரதன் ஈரக்காலோடு அப்படியே இருந்தான். லொறி ஓட்டுகிற ஜஸ்ரின் எந்த ஊரைத் தாண்டுகிறான், அங்கே என்ன நேரம், அவனுக்கு எப்போது பசிக்கும், எப்போது நித்திரை வரும் என்பதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. கட்டின புருஷனுக்கு விடிந்ததா பொழுதுபட்டதா என்றுதான் மறந்துபோயிருந்தது.

கனடாவுக்கு இரண்டு பேரும்தான் விசா கேட்டிருந்தார்கள். தர்சிகாவின் தமையன் அருட்செல்வன் ரொறன்ரோவில் இருபது வருடமாக இருக்கிறவர். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வரச்சொல்லி இருவருக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். தர்சிகாவுக்குக் கிடைத்தது, மயூரதனுக்கு மறுத்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் ஒருவராவது போகட்டும் என்றார்கள். மயூரதனும் அப்படித்தான் சொன்னான். கொழும்பு விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அப்பால் அவள் கையசைத்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைப் பிரிவுத் துயர் என்றே அப்போது எடுத்துக்கொண்டான். அதற்குள் ஒரு துளி பொறாமையும் இருந்தது என்பது, அவள் முதல் பனியைக் கையில் அள்ளிக் காட்டிய நாளில்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் சிரித்தான். பிறகு அன்று முழுக்கத் தோட்டத்தில் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அங்கேயே தங்குவதற்கு விண்ணப்பித்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், தமிழர் ஒருவர் நடத்திய லொறிக் கம்பனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. லொறிகளை வழிநடத்தும் வேலை. எந்தச் சாமானை எந்த லொறி ஏற்றுவது, எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறக்குவது என்று தொலைபேசியில் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். தமையன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அவள் அந்த முழு நாட்டையும் கட்டி மேய்த்தாள்.

முதல் மாதங்களில் அதைப்பற்றி அவனுக்குச் சொல்வதில் அவளுக்குப் பெரிய சந்தோசம் இருந்தது. ஒரே நாடு, ஆனால் ஆறு நேரம். கிழக்கே கடலுக்குள் கிடக்கும் நியூபவுண்ட்லாண்டில் ஒரு மணி அடித்து நாலரை மணித்தியாலம் கழித்துத்தான் மேற்கே வன்கூவரில் அதே மணி அடிக்கும். நடுவில் கோடுகள் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். கோடுகள் எல்லாம் நேர்கோடுகளும் அல்ல. மாகாணங்கள் தங்கள் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டவை. ஒன்ராறியோ மாகாணத்தின் வயிற்றுக்குள்ளாலேயே ஒரு கோடு போகிறது, காட்டுப் பாதையில் ஒரு பலகையைத் தாண்டினால் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போய்விடும். பனி முடிய எல்லா இடத்திலும் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளும்போது சஸ்கச்சுவான் மாகாணம் மட்டும் ஏறக்குறைய முழுக்கவே அசையாமல் நிற்கும். அதனால் கோடையில் அது மேற்குப் பக்கத்து அயலோடு ஒத்துப்போகும், மாரியில் கிழக்குப் பக்கத்து அயலோடு. சாமான் இறக்குவது அந்தந்த ஊர் நேரத்துக்கு. ஆனால் ஓட்டுநர் எத்தனை மணித்தியாலம் ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார் என்று கணக்கு வைக்கும் பெட்டி ஒன்று லொறிக்குள் இருக்கிறது. லொறி எந்தக் கரைக்குப் போனாலும் அந்தப் பெட்டிக்கு ரொறன்ரோ நேரம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கூட்டிக் கழித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

"நியூபவுண்ட்லாண்டிலையும் எங்களைப் போல அரை மணித்தியாலக் கணக்குத்தான்" என்று ஒருநாள் சொன்னாள். "அங்கையும் உங்கையும் நிமிச முள்ளு ஒரே இடத்திலைதான் நிக்கும். நான் அங்கை போயிருந்திருக்கவேணும்."

அதைச் சொன்னபோது அவள் அவனையே பார்த்துச் சொன்னாள். அன்று இறைப்புப் பிந்தியிருந்தது. மயூரதன் தண்ணீர் வாய்க்காலை உடைத்துப் பாத்தி மாறிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்தப் பேச்சு மெல்லமெல்ல மாறியது. நாட்டைப்பற்றிச் சொன்னவள் லொறிகளைப்பற்றிச் சொன்னாள், பிறகு லொறி ஓட்டுகிறவர்களைப்பற்றி. அவர்களுக்குள் கனிசியஸ் என்றொரு வயதானவர் கிழக்குக் கரைக்கு ஓடினார். அவர்மேல் மயூரதனுக்கு ஒரு பொல்லாப்பும் இல்லை. மேற்குக் கரைக்கு ஓடியவன் ஜஸ்ரின். பாசையூர்க்காரன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாசையூரில் இருந்தார்கள், அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் அலுவல் வருடக்கணக்காக இழுபட்டது. ஓட்டுநர்களில் நீண்ட தூரம் போகிறவன் அவன் என்பதால் அதிகமான கோடுகளைத் தாண்டுகிறவனும் அவனாக இருந்தான், அதனால் அதிகமாகத் தொலைபேசி எடுக்கிறவனும் அவனாகவே இருந்தான். அவன் வினிபெக்கில் என்ன சாப்பிட்டான், மலைப்பாதையில் பனி கொட்டியபோது எப்படிச் சங்கிலி பூட்டினான் என்பதெல்லாம் தர்சிகாவின் வாயில் கதையாக வரும். முகநூலில் தேடி அவன் படத்தைக் கண்டுபிடித்தான் மயூரதன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெட்டிவிட்ட தாடி. பின்னால் வெள்ளை மலை. லொறிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இந்த மலையும் தன்னுடையதுதான் என்பது போலச் சிரித்துக்கொண்டு நின்றான். மயூரதனுக்கு ஓட்டத் தெரிந்தது மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டர் உழவு மிசினும்தான்.

ஒருமுறை ஜஸ்ரினின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை விழா வந்தது. இரண்டு இதரை வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித் தர்சிகா கேட்டாள். மயூரதன் நல்ல குலைகளைத் தேடி வெட்டி, மோட்டார் சைக்கிளில் கட்டிப் பாசையூருக்குக் கொண்டுபோனான். வேலியிலேயே கொடுத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பிவிட்டான். வரும் வழியெல்லாம், தன் வேர்வையில் விளைந்ததைத் தானே சுமந்துபோய் அவன் வீட்டுப் படியில் வைத்துவிட்டோமே என்று மனம் காந்தியது.

அதன் பிறகுதான் அவன் அந்த நாட்டை ஒழுங்காகப் படித்தான். கைபேசியில் கிழக்கிலிருந்து மேற்குவரை ஊர் ஊராக நேரங்களை வரிசைப்படுத்தினான். வரைபடத்தில் கோடுகளை விரலால் பெருப்பித்துப் பார்த்தான். அவள் கடைசியாகக் கைபேசியைத் திறந்த நேரத்தை எடுத்து, அப்போது ஜஸ்ரின் நிற்கக்கூடிய ஊரில் என்ன மணி என்று கணக்குப் பார்ப்பான். அவள் நித்திரைக்குப் போவதாகச் சொன்ன பிறகும் பச்சைப் புள்ளி எரிந்தால், அப்போது வன்கூவரில் இன்னும் பொழுது படவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். படிப்பில் ஒருபோதும் இப்படி மினைக்கெட்டதில்லை. அவன் தங்கச்சி சிவகௌரி சோறு கொண்டு வந்தால் தட்டு மூடியபடியே கிடக்கும். மெலிஞ்சு போறாய் அண்ணை என்று அவள் சொன்னாள். இறைப்புக் காலம்தானே என்று இவன் சொன்னான்.

ஆனி மாதத்தில் ஒரு கிழமை தர்சிகா முகம் காட்டாமல் கதைத்தாள். கமரா சரியில்லை என்றாள், களைப்பு என்றாள். குரல் மட்டும் முன்னெப்போதும் இல்லாத உற்சாகத்தோடு இருந்தது. அந்த உற்சாகம்தான் அவனைக் குடைந்தது. ஒருநாள் காலையில் மிசின் பெல்ட் அறுந்து இறைப்புப் பிந்திவிட்டது. வெயில் ஏறிய பிறகுதான் எடுத்தான், வீடியோவில். அவள் எதிர்பார்க்கவில்லைப்போல, கை தவறி எடுத்துவிட்டாள்.

முகம் தெரிந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ திரைச்சீலை.

"படுக்கப் போறன், ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்?" என்றாள்.

"பெல்ட் அறுந்துபோச்சு. நீர் எங்கை நிக்கிறீர்?"

"அறையிலைதான்."

அவளுடைய வலது கன்னத்தில் மஞ்சள் வெளிச்சம் கிடந்தது. காதுத்தோடு அதில் மினுங்கியது.

"அதென்ன வெளிச்சம்?"

"மேசை லைற்."

அவள் அதைச் சொல்லி வாய் மூட முதலே வெளிச்சம் நகர்ந்தது. கன்னத்தில் இருந்து மூக்குக்கு ஏறி, நெற்றியைத் தடவி, மற்றக் கன்னத்தில் இறங்கி நின்றது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு நித்திரை வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மயூரதனுக்குப் பதினாறு வயதில் தொடங்கிய தோட்டவேலை. பொழுது சாயும் வெயில் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இலைகளுக்குக் கீழால் வந்து, தண்டில் பட்டு, தொட்டதையெல்லாம் நெல்லு நிறமாக்கும் வெயில் அது. ரொறன்ரோவில் அந்த வேளைக்கு இருண்டு போயிருக்கும். பொழுது இறங்க இன்னும் கொஞ்சநேரம் இருக்கும் இடம் எதுவென்று கைபேசியைப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. வினிபெக்குக்கும் மேற்கே. சஸ்கச்சுவான். அதுவும் நின்ற இடத்தில் அல்ல. வளைவு ஒன்றில் திரும்பும் வாகனத்தில்.

யோசிக்காமல் அருட்செல்வனுக்கு எடுத்தான். அங்கே படுக்கைக்குப் போகிற நேரம். அவர் என்னவோ ஏதோ என்று பதறித்தான் எடுத்தார்.

"மச்சான், தர்சிகா வீட்டிலையோ?"

அவள் வீட்டில் இல்லை என்றார். கம்பனிக்குக் கல்கரியில் புது ஒப்பீஸ் திறக்கிறார்களாம், பத்து நாள் அங்கே வேலை என்று சொல்லிப் போயிருக்கிறாள், உமக்குத் தெரியாதோ என்று கேட்டார். தமையனுக்கு ஒரு கதை, புருஷனுக்கு இன்னொரு கதை. மயூரதனுக்குள் ஏதோ அறுந்தது. தான் ஊகித்ததை, கண்ணால் கண்டவன் போலச் சொன்னான். உங்கள் தங்கச்சி ஜஸ்ரின் என்கிறவனோடு லொறியில் திரிகிறாள், கம்பனியைக் கேட்டுப்பாருங்கோ, அவனையே கேட்டுப்பாருங்கோ என்றான். அருட்செல்வன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சொல்லி முடித்ததும் ஒரு சுகம் வந்தது. அந்தச் சுகம் போதாமல் இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று ஊர்கள் போனது தெரியவில்லை. தான் எரிவது போல இன்னொருவரும் எரியவேண்டும், அதைத் தான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம்தான் அவனைப் பாசையூருக்குக் கொண்டுபோனது. வழியில் அதை அவன் வேறுவிதமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டான். அந்த மனுசிக்கும் தெரியவேண்டும்தானே என்று.

ஜஸ்ரினின் மனைவி மெற்றில்டா வளவுக்குள் பலகையில் இருந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வாழைக்குலை கொண்டுவந்தவர் என்று அடையாளம் கண்டு, கையை அலம்பிக் கதிரை எடுத்துப் போட்டாள். வாங்கோ தம்பி, அண்டைக்கும் ஒண்டும் குடிக்காமல் போனனீங்கள் என்றாள். மயூரதன் இருக்கவில்லை. நின்றபடியே, தன் மனைவியும் அவள் புருஷனும் இந்த நேரம் ஒரே லொறியில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

மெற்றில்டாவின் முகத்தில் அவன் எதிர்பார்த்தது வரவில்லை.

"தெரியும் தம்பி" என்றாள். "இது ரெண்டாவது தரம். ஏத்திறதுக்கு முதலே இவர் என்னைக் கேட்டவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அவன் முகத்தைக் கண்டு அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். லொறியின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தர்சிகா இருந்தாள். சுக்கான் அவள் மடியளவு பெரிதாக இருந்தது. மயிரை உச்சியில் முடிந்திருந்தாள். முன்கண்ணாடிக்கு அப்பால் பாதை ஒரு வளைவும் இல்லாமல் வானத்தின் விளிம்புவரை போனது, இரண்டு பக்கமும் மஞ்சள் வயல். கண்ணைப் பாதையில் இருந்து எடுக்காமல் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "மெற்றில்டா அக்கா, உங்கடை மனுசன் பின்னாலை குறட்டை விடுறார், கேக்குதோ" என்று சொன்னாள்.

பெரிய லொறி ஓட்டுவதற்கு அவள் படித்து லைசன்ஸ் எடுத்துவிட்டாளாம். ஆனால் பழக்கம் இல்லாதவர்களைத் தனியாக விடமாட்டார்களாம், தெரிந்த ஒருவரோடு கொஞ்சநாள் ஓடவேண்டுமாம். மெற்றில்டா இதையெல்லாம் மெதுவாகச் சொன்னாள். மயூரதனின் காதில் பாதிதான் விழுந்தது. அந்தச் சிரிப்பை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். எட்டு வருடம் கூட வாழ்ந்தவன். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது அவனுக்குத் தெரியாது. அதை அவள் அனுப்பியிருப்பது யாரோ ஒரு பொம்பிளைக்கு.

"உங்களுக்கு ஒண்டும் இல்லையோ அக்கா?" என்று கேட்டான்.

மெற்றில்டா நண்டுச் சட்டியை மூடி வைத்தாள்.

"இல்லாமல் இருக்குமோ? ஏழு வருசமாச்சு நான் அவரைக் கண்ணாலை கண்டு. இந்த வீடியோ வந்த அண்டைக்கு நான் சமைக்கேல்லை. பிள்ளையளுக்குப் பாண் வாங்கிக் குடுத்தனான்." பிறகு, "ஆனா என்னட்டைக் கேட்டவர்தானே. அதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றாள்.

மயூரதனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அந்த மூன்று அறை வீட்டின்மேல், அந்த வளவின்மேல், கடற்காற்றில் துருப்பிடித்த அந்தத் தகரப் படலையின்மேல் அவனுக்குப் பொறாமை வந்தது. ஜஸ்ரின் தன் மனைவியைக் கேட்டிருக்கிறான். இவ்வளவுநாளும் மயூரதன் மனதுக்குள் கட்டிவைத்திருந்த ஜஸ்ரின் இப்படிக் கேட்கக்கூடிய ஆள் அல்ல.

"நீங்கள் வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?" என்று மெற்றில்டா கேட்டாள்.

தமையனுக்கு என்றான்.

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "தம்பி, இவரின்ரை பேர் கெட்டா எங்களைக் கூப்பிடுற பைல் என்ன ஆகும்" என்று மட்டும் சொன்னாள். அவனைத் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள், அதை எடுத்துத் தரவும் இல்லை. மயூரதன் படலைக்கு வெளியே நின்று அருட்செல்வனுக்கு எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் எடுத்தான். பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் சொன்னது. தர்சிகாவுக்கு எடுத்தான். அதுவும் அப்படியே.

அன்று அவன் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனான். செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. வாழைக்குள் அங்குமிங்கும் நடந்தான். காய்ந்த சருகுகளைத் தேவையில்லாமல் அரிந்து போட்டான். சிவகௌரி தேடி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனாள். மாலை கோயில் மணி கேட்ட கையோடு தர்சிகா எடுத்தாள். வீடியோ அல்ல, குரல் மட்டும்.

"அண்ணை ஜஸ்ரின் அண்ணைக்கு எடுத்தவர்" என்றாள். குரல் சோர்ந்திருந்தது, அழுத குரல் அல்ல. "ஓட்டிக்கொண்டிருந்த மனுசன். அண்ணை கேட்ட கேள்வியை நான் உங்களுக்குத் திருப்பிச் சொல்லமாட்டன். வினிபெக் வரைக்கும் அவர் ஒண்டும் கதைக்கேல்லை. இஞ்சை வந்து நிப்பாட்டிப்போட்டு, தங்கச்சி, எனக்கு ரெண்டு பிள்ளையள், இனி உங்களை ஏத்தேலாது எண்டு சொன்னார். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டவர். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் இருக்கு."

மயூரதன் கிணற்றுக்கட்டில் இருந்தான்.

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களோ?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அப்போது அவனுக்குத் தெம்பு இருக்கவில்லை. "விட்டிருக்கமாட்டன்."

"அதுதான்."

"நான் கேட்டன்தானே. மேசை லைற் எண்டு சொன்னீர்."

அங்கே லொறிகள் போகும் இரைச்சல் கேட்டது, யாரோ ஆங்கிலத்தில் கோப்பி கேட்டார்கள்.

"ஓம்" என்றாள். "சொன்னனான். அது பிழைதான்."

அவனுக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது. கேட்கக் கூசியது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த லொறிக்குள், பின்னால் திரைச்சீலை போட்ட இடத்தில், என்று தொடங்கினான். அவள் முடிக்கவிடவில்லை.

"அவர் ஓட்டேக்கை நான் நித்திரை. நான் ஓட்டேக்கை அவர் நித்திரை. லொறியை நிப்பாட்டாமல் ஓட்டுறதுக்குத்தானே ரெண்டுபேர். உங்களுக்கும் எனக்கும் எப்பிடியோ அப்பிடித்தான், ஒருத்தர் முழிச்சிருந்தா மற்றவர் படுக்கை." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்கள் இதைக் கேப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கேக்காமல் விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகச் சொன்னான். தமையனோடு தான் கதைப்பதாக, மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். அந்த வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்றாள் அவள். ஜஸ்ரின் விமானத்துக்குப் பதிவு செய்து தருவதாகச் சொன்னதையும் மறுத்துவிட்டாளாம். வினிபெக்கில் ஒரு கம்பனி ஆள் எடுக்கிறதாம், பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி சொன்னாளாம். விடிந்தவுடன் முகம் கழுவி, அதைப் போய்க் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"பயமா இல்லையோ?" என்று கேட்டான்.

"இருக்கு. ஆனா ஓட்டேக்கை இருக்கிறேல்லை." கொஞ்சம் பொறுத்து, "இனி நீங்கள் இறைச்சு முடியிற நேரம் எனக்குச் சரிவருமோ தெரியாது. எந்தப் பக்கம் ஓட விடுவாங்களோ. நானே எடுக்கிறன்" என்றாள்.

அவள் வைத்த பிறகு, எந்த நாள் எடுப்பீர் என்று தான் கேட்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. ஜஸ்ரின்மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எடுத்து வைக்க ஓர் இடம் இல்லை. அது போய்விடும் என்று நினைத்தான். போகவில்லை. ஒருவனுடைய தாடியிலும் சிரிப்பிலும் தொங்கிக்கொண்டிருந்தவரைக்கும் அதற்கு ஓர் அளவு இருந்தது. இப்போது அந்த மஞ்சள் வயல், வானம் முட்டப் போகும் பாதை, அவள் இன்னும் காணாத ஊர்கள், அங்கே அவளுக்கு வரப்போகிற பொழுதுகள் எல்லாவற்றின்மீதும் அது பரவி நின்றது. அவளோடு அந்தச் சுக்கானுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை என்று தெரிந்தும், அந்த வெறும் இருக்கையை நினைக்க அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

இரவு முழுக்கச் சோளகக் காற்று அடித்தது. காலையில் மயூரதன் தோட்டத்துக்குப் போனபோது கிழக்குக் கரையில் நின்ற இதரை வாழை ஒன்று குலையோடு சரிந்திருந்தது. முற்றாக விழவில்லை. பக்கத்து மரத்தின் மடலில் சாய்ந்து, அடி வேர் பாதி கிளம்பி, காற்று வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. முற்ற இன்னும் கிழமைகள் இருந்த நல்ல குலை. முட்டுக்கொடுக்கும் கவர்த்தடிகள் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் அது முறிந்துவிடும் என்று கண்டு, கைபேசியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வந்து, தோளைத் தண்டுக்குக் கீழே கொடுத்து நிமிர்த்தினான். குளிர்ந்த பாரம் தோளில் இறங்கியது. வாழைப்பால் கழுத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. சிவகௌரியைக் கூப்பிட்டான், காற்று அவன் குரலை மற்றப் பக்கம் கொண்டுபோனது.

கிணற்றுக்கட்டில் கைபேசி அடித்தது. சீமெந்தில் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்தது. அவன் தோளைச் சற்று எடுத்துப் பார்த்தான், மரம் உடனே சரிந்தது. மறுபடி முட்டுக்கொடுத்துக்கொண்டு, காலை மண்ணில் ஊன்றி, கழுத்தை மட்டும் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தான். மணி நின்றது. பெரிய காற்று ஒன்று வந்து தோட்டம் முழுவதையும் ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டுப் போனது. பிறகு கைபேசி மீண்டும் அடிக்கத் தொடங்கியது.